பூசி மறைப்பதற்கு முன் அந்தத் தூணைத் தட்டிப் பாருங்கள்

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கணவருக்கு வெளிநாட்டில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் இவரால் கட்டடத்தைப் பார்க்க முடிகிறது. மொத்தம் 10 தூண்கள், ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலம். காங்கிரீட் ஊற்றச் சுற்றி அடித்திருந்த ஷீட்டைப் பிரித்தபோது இரண்டு தூண்களின் அடியில், முழங்கால் உயரத்துக்கு, ஜல்லி தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது. ஒன்றில் கம்பியே தெரிகிறது. மேஸ்திரி மேலாகக் கொஞ்சம் சாந்தை அப்பிவிட்டு, "ஒண்ணும் ஆகாதுங்கம்மா, பூச்சு வந்தா எல்லாம் மறைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் ஏப்ரல் மாதத்தில் ரூஃப் காங்கிரீட். மிக்சர் மெஷின் வரத் தாமதமாகி, காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடித்திருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மாடி ஏறிப் பார்த்தவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. தளம் முழுக்கக் கோடு கோடாக வெடிப்பு. மேஸ்திரி சிமெண்ட் பாலைக் கரைத்து ஊற்றித் தேய்த்திருக்கிறார். தண்ணீர் கட்டியது மறுநாள் காலையில்தான். இன்றைக்கு மூன்று வாரம் ஆகிறது. மாடியில் கால் வைத்தால் உள்ளங்காலில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. அடுத்த வாரம் சென்ட்ரிங்கை (ரூஃபைத் தாங்கி நிற்கும் பலகையும் முட்டும்) பிரித்து, உடனே பூச்சு வேலை ஆரம்பிக்க இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரூஃபை இடித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார். "வெடித்த ரூஃபுக்குக் கீழே பிள்ளைகளை எப்படிப் படுக்க வைப்பேன்? பலமாக இருக்கட்டும் என்று இரண்டு மூட்டை சிமெண்ட் கூடவே போடச் சொன்னேனே!" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் இன்னொன்று: மாமனாருக்கு ஏற்காட்டில் இருக்கும் மனையில் டிசம்பரில் வேலை தொடங்கப் போகிறார்கள். அங்கே குளிரும் பனியும் இருப்பதால் காங்கிரீட்டைக் காயவிடாமல் தண்ணீர் காட்டும் வேலை மிச்சம்தானே என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்கே மேஸ்திரியைக் கூப்பிட்டு, நான் சொல்லும்வரை சென்ட்ரிங்கைப் பிரிக்க வேண்டாம், அந்த இரண்டு தூண்களிலும் கரண்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் பயப்படும் இடம் வேறு, நான் பயப்படும் இடம் வேறு. கடிதத்தில் மூன்று பக்கம் ரூஃப் வெடிப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தூணைப் பற்றி நான்கே வரி. நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு, எனக்குக் கவலை தருவது அந்த நான்கு வரிதான். ரூஃப் வெடிப்பு கண்ணுக்கு எதிரே இருக்கிறது, அதை யாரும் மறந்துவிட முடியாது. தூணில் இருப்பது அடுத்த வாரம் பூச்சுக்குள் போய்விடும். அப்புறம் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது.

சூரமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். குடியேறி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஹால் ஓரத்துத் தூணில் பெயிண்ட் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வடிந்திருந்தது, யாரோ டீயைக் கொட்டினாற்போல. சுத்தியலால் தட்டினால் "டொக் டொக்" என்று காலியாகச் சத்தம். பூச்சைப் பெயர்த்தபோது உள்ளே சிமெண்ட் மூட்டையின் காகிதத்தைச் சுருட்டி ஓட்டையில் அடைத்து, மேலே சாந்து பூசியிருந்தார்கள். அந்தக் காகிதத்தில் இருந்த எழுத்துகூட அழியவில்லை. அதற்குப் பின்னால் இருந்த 12 மி.மீ. கம்பி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. அந்த வீட்டம்மா முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஷீட் பிரித்த அன்றைக்கே சரி செய்திருந்தால் இரண்டு நாள் வேலை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தூண் அடியில் என்ன நடந்தது?

பத்தடி உயரத் தூணுக்கு மேலே நின்று சட்டியைக் கவிழ்த்தால், கலவை கம்பியிலும் அதைச் சுற்றிக் கட்டிய ரிங்கிலும் மோதி மோதி இறங்கும். ஜல்லி கனம், அது நேராக அடிக்குப் போய்விடும். சாந்து வழியிலேயே கம்பியில் ஒட்டிக்கொள்ளும். அடியில் சாந்து இல்லாத ஜல்லி மட்டும் குவியும். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456, காங்கிரீட்டை அதிகபட்சம் 1.5 மீட்டர் உயரத்திலிருந்துதான் விழ விடலாம் என்று சொல்வது இதற்காகத்தான். அதோடு, ஷீட்டின் அடியில் இடைவெளி இருந்தால் சிமெண்ட் பால் அந்த வழியாக ஒழுகிவிடும். உங்கள் படத்தில் தரையில் காய்ந்து கிடக்கும் சாம்பல் நிறக் கறை அதுதான். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசியும் அடிவரை எட்டியிருக்காது.

தூணின் அடிப்பகுதிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அந்த மாடியின் சுமை முழுவதும் இறங்கி வருவது அங்கேதான். நம் ஊரில் பெரும்பாலும் கம்பிக்குக் கம்பி சேர்த்துக் கட்டுவதும் அங்கேதான். இரண்டு கம்பிகளைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டிவிட்டால் மட்டும் அவை ஒன்றாகிவிடாது. சுற்றியிருக்கும் காங்கிரீட் இறுக்கிப் பிடிப்பதால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுமை மாறுகிறது. அந்த இடத்தில் பொந்து விழுந்தால், பிடிக்க வேண்டிய கை அங்கே இல்லை. துருவும் இதே வழியில்தான் வரும். நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. பொந்து வழியாகக் காற்றும் ஈரமும் போனால் அந்தக் காவல் போய்விடும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்கக் கேட்கச் சுற்றியுள்ள காங்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும்.

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது

மேஸ்திரி அப்பிய சாந்தை உளியால் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி ஒவ்வொரு பொந்திலும் விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று நகத்தால் அடையாளம் வைத்து ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். உங்கள் அளவுத் தூணில் கம்பிக்கு வெளியே 40 மி.மீ. காங்கிரீட் இருக்க வேண்டும். குச்சி இரண்டு செ.மீ. போய் முட்டி நின்று, கம்பியும் தெரியவில்லை என்றால் அது மேல்தோல் காயம். கம்பி தெரிந்தால் அடுத்த படி. கம்பிக்குப் பின்னாலும் குச்சி போகிறது, எதிர்ப்பக்கத்திலும் அதே உயரத்தில் பொந்து இருக்கிறது என்றால், ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

பிறகு ஒரு சிறிய சுத்தியலால் தூணைச் சுற்றிலும் அரை அடிக்கு ஓர் இடமாகத் தட்டுங்கள். "ணங்" என்று வந்தால் நல்லது. மந்தமாக வந்தால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பள்ளியில் சாக்பீஸுக்கா பஞ்சம்! மீதி எட்டுத் தூண்களையும் விட்டுவிடாதீர்கள். வட்டம் போட்ட தூண்களைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.

இதற்கு மேல் தெரிய வேண்டுமானால், ஒலி அலையை ஒரு பக்கம் அனுப்பி மறுபக்கம் வாங்கி உள்ளே பொந்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. அல்ட்ராசோனிக் பல்ஸ் என்பார்கள். ரீபவுண்ட் ஹேமர் என்ற சோதனையையும் சிலர் சொல்வார்கள். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் பொந்தைக் காட்டாது. அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் சிவில் துறையில் விசாரித்துப் பாருங்கள்.

இடிக்கவா, சரி செய்யவா?

நீங்கள் எழுதியிருப்பதையும் படத்தையும் வைத்துச் சொன்னால், முறையாகச் சரி செய்தால் போதும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பொந்து தூணின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் என் பதில் மாறும். அப்போது தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி உறை போடுவதா, அந்தப் பகுதியையே வெட்டி எடுத்து மறுபடி ஊற்றுவதா என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சென்ட்ரிங் இன்னும் நிற்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ரூஃப் சுமையில் பெரும்பகுதியை முட்டுகள் தாங்கிக்கொண்டிருக்கும்போதே தூண் வேலையை முடித்துவிடலாம். அந்த இரண்டு தூண்களை ஒட்டிய பீம்களுக்கு அடியில் முட்டுகளை ஆப்பு வைத்து இறுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு தூண் மட்டும்.

தளர்ந்த ஜல்லியை உளியும் சின்னச் சுத்தியலும் கொண்டு, கெட்டியான காங்கிரீட் வரும்வரை எடுக்க வேண்டும். டிரில் மெஷினால் உடைக்க விடாதீர்கள், நல்ல பகுதியும் அதிர்ந்துபோகும். ஓரங்களைச் சரிவாக விடாமல் சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். சரிவான ஓரத்தில் புதுச் சாந்து அப்பளம் போல மெலிந்து பெயர்ந்துவிடும். கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியைக் கழுவி, பழைய காங்கிரீட் ஈரமாக, ஆனால் தண்ணீர் தேங்காமல் இருக்கும்போது வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆழம் குறைவான இடத்துக்குப் பாலிமர் கலந்த ரிப்பேர் சாந்து போதும். கம்பிக்குப் பின்னால் போகும் ஆழத்துக்கு அது சரிவராது, கையால் அப்பினால் கம்பிக்குப் பின்னால் காற்று மாட்டிக்கொள்ளும். அங்கே பலகை அடித்து, மேலே தபால்பெட்டி வாய் போல ஒரு திறப்பு விட்டு, பொடி ஜல்லி கலந்து பையில் வரும், சுருங்காத வகை மைக்ரோ காங்கிரீட்டை ஒரே பக்கத்திலிருந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் அளவு பையில் அச்சிட்டிருப்பதுதான், கண்மதிப்பு கூடாது. மறுநாள் பலகையைப் பிரித்து, ஈரச் சாக்கைச் சுற்றி ஒரு வாரம் காயாமல் வைத்திருங்கள். தூணில் ஆங்காங்கே குண்டூசித் தலை அளவில் தெரியும் சின்னச் சின்னத் துளைகள் காற்றுக் குமிழியால் வருபவை. அவற்றை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், பூச்சிலேயே சரியாகிவிடும்.

இப்போது அந்த ரூஃப்

பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த வெடிப்புக்காக ரூஃபை இடிக்கத் தேவையில்லை. ஏப்ரல் வெயிலில், காற்றும் வீசும்போது, தளத்தின் மேலுள்ள ஈரம் கீழிருந்து ஊறி வரும் நீரைவிட வேகமாக ஆவியாகிவிடும். இன்னும் கெட்டிப்படாத காங்கிரீட்டின் மேல்தோல் சுருங்கும், உள்ளே இருப்பது சுருங்காது. வயலில் சேறு காய்ந்து வெடிக்கிற அதே கதைதான். ஊற்றிய சில மணி நேரத்துக்குள் வந்த வெடிப்பு சுமை தாங்காமல் வந்ததல்ல. அப்போது ரூஃப் முழுவதும் சென்ட்ரிங் மேல்தானே உட்கார்ந்திருந்தது!

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டியபோது எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். வெடிப்புகள் கம்பிகளின் தலைக்கு மேலேயே, அதே இடைவெளியில் நேர்கோடாக ஓடுகின்றனவா? அப்படியானால் கலவை தண்ணீராக இருந்து, கம்பிக்கு இருபுறமும் அமுங்கியிருக்கிறது. அந்த வெடிப்பு நேராகக் கம்பிக்கு வழி காட்டும், அதை அலட்சியம் செய்யக் கூடாது. கம்பிக்குச் சம்பந்தமில்லாமல் சாய்வாக, ஒன்றுக்கொன்று ஓரடி இரண்டடி தள்ளி ஓடினால் வெயில் வெடிப்பு. படத்தில் எனக்குத் தெரிவது இரண்டாவது வகை.

இரண்டுமே கீழ்வரை இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் தூண் வேலை முடிந்து, பொறியாளர் ஒப்புக்கொண்டபின் சென்ட்ரிங் பிரித்ததும், மாடியில் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்துங்கள். கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்து, ஈரம் கசியும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். அந்த வெடிப்புகளை நன்றாகக் காயவிட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்து, தண்ணீர் போல இளகிய எபாக்சி என்ற பசையை ஊற்றி அடைக்க வேண்டும். சிமெண்ட் பால் அவ்வளவு ஆழம் இறங்காது. அது மேலே ஓர் ஏடு போல் படிந்து காய்ந்துவிட்டது. இப்போது உங்கள் காலில் ஒட்டும் தூளில் பாதி அதுதான்.

மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தளத்தின் மேல் நீர் மினுமினுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்டி போட்டுத் தேய்த்தாலும், அதை உறிஞ்ச வெறும் சிமெண்டைத் தூவினாலும் மேல்தோல் பலமில்லாமல் போகும். அந்த நீர் தானாகப் போகும்வரை காத்திருந்துதான் தேய்க்க வேண்டும். உங்கள் ரூஃபுக்கு இது பெரிய நஷ்டமில்லை. தட்டோடு பதிப்பதற்கு முன், கெட்டியான பரப்பு வரும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே போடுவது எதுவும் ஒட்டாது.

அந்த இரண்டு மூட்டையைப் பற்றி. நல்ல எண்ணத்தில் செய்தீர்கள், அதற்காக உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். ஆனால் சிமெண்ட் கூடினால் சுருக்கமும் சூடும் கூடும். பலத்தை முடிவு செய்வது சிமெண்டுக்குத் தண்ணீர் எவ்வளவு என்கிற கணக்குதான். 50 கிலோ மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர், ஈர எம்-சாண்டில் இருக்கும் தண்ணீரையும் சேர்த்து. "கலவை ஓட மாட்டேங்குது" என்று ஒரு குடம் ஊற்றும்போது அந்த மூட்டையின் பலம் கண்ணெதிரே குறைகிறது. ஓட்டம் வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் மருந்தை அளவோடு கலக்கலாம்.

மாடி கட்டும்போது கவனிக்க

பின்னாளில் மேல்மாடி எடுக்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூண்களைச் சோதித்து முடிக்காமல் மேலே ஒரு செங்கல்கூட ஏற்றாதீர்கள். தூண் ஊற்றும்போது ஷீட்டின் நடு உயரத்தில் ஒரு ஜன்னல் விடச் சொல்லுங்கள், அல்லது இரண்டு தடவையாக ஊற்றுங்கள். அடியில் இடைவெளியை ஈரச் சாக்கால் அடைத்து, முதலில் அதே விகிதத்தில் ஜல்லி இல்லாத சாந்தை ஒரு சட்டி போட்டுவிட்டு ஆரம்பித்தால் அடி நிறைந்துவிடும். ஒன்றரை அடிக்கு மேல் ஒரே முறையில் நிரப்பக் கூடாது. வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக, கீழடுக்குக்குள் நாலு விரற்கடை இறங்கும்படி விட்டு, குமிழி நின்று மேற்பரப்பு பளபளக்கும்வரை வைத்து, மெதுவாக உருவ வேண்டும். வெடுக்கென்று உருவினால் ஊசி இருந்த இடத்தில் குழி நின்றுவிடும். ஊசியால் கலவையைப் பக்கவாட்டில் தள்ளுவதும் தப்பு, சாந்து ஓடிப்போய் ஜல்லி பின்தங்கும்.

வெயில் காலத்தில் ரூஃப் என்றால் காலை ஆறு மணிக்கு முதல் சட்டி விழ வேண்டும். மெஷின் ஒன்பது மணிக்குத்தான் வரும் என்றால் வேலையை மறுநாளுக்குத் தள்ளுங்கள், ஆள் கூலி போனாலும் பரவாயில்லை. ஜல்லியை முதல்நாளே நனைத்து நிழலில் வையுங்கள். தேய்த்து முடித்த பகுதியை உடனுக்குடன் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர், அன்றைக்கு மாலையே. இப்போது கடையில் கிடைக்கும் சிமெண்டில் பெரும்பாலானது மேட்டூரில் வருவது போன்ற அனல் மின் நிலையச் சாம்பல் கலந்தது. நல்ல சிமெண்ட்தான், ஆனால் மெதுவாகப் பலம் பிடிக்கும். விதிநூல் இதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் கேட்கிறது, 14 நாள் வைத்தால் நல்லது. ஊற்றும் அன்றே 150 மி.மீ. கனசதுர அச்சில் ஆறு கட்டி எடுத்து, மூன்றை 7-ம் நாளும் மூன்றை 28-ம் நாளும் உடைத்துப் பார்க்கக் கொடுங்கள். இந்த முறை அது இருந்திருந்தால் உங்கள் பாதிக் கவலை குறைந்திருக்கும்.

மேஸ்திரியிடம் சண்டை வேண்டாம். பத்து வருடமாக எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் உங்கள் வீட்டிலும் செய்திருக்கிறார், யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பாக்கிப் பணத்தில் ஒரு பகுதியை, ரிப்பேர் முடிந்து பொறியாளர் பார்த்த பிறகு தருவதாகச் சொல்லி, அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாமல் வேலையைப் போட்டுவிட்டுப் போனால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சிமெண்டும் ஜல்லியும் நீங்கள் வாங்கிக் கொடுத்திருப்பதால், எது யார் பொறுப்பு என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். சாக்பீஸ் வட்டத்தோடு எடுத்த படங்கள் அங்கே உதவும்.

ஏற்காட்டுக்கு வருவோம். பனி மூட்டம் தண்ணீர் காட்டாது, சகோதரி. காலையில் பனி இறங்கும், பதினோரு மணிக்கு வெயிலும் மலைக்காற்றும் சேர்ந்து தளத்தை உலர்த்திவிடும். அங்கேயும் அதே 10 நாள், 14 நாள்தான். குளிரில் இன்னொரு சங்கதியும் உண்டு. கீழே சேலத்தில் 7 நாளில் வரும் பலம், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் இரவில் வராது. 15 அடிக்குட்பட்ட ஸ்லாபுக்கு 7 நாளில் முட்டெடுக்கலாம், 20 அடிக்குட்பட்ட பீமுக்கு 14 நாளில் எடுக்கலாம் என்று விதிநூல் சொல்வது சாதாரண சிமெண்டுக்கும், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலைக்கும்தான். சாம்பல் கலந்த சிமெண்டும் குளிரும் சேரும்போது கூடுதலாக ஒன்றிரண்டு வாரம் முட்டுகளை விட்டுவையுங்கள். மேஸ்திரி ஷீட் வாடகையைச் சொல்லி அவசரப்படுத்துவார், அந்த வாடகையைக் கொடுத்துவிடுங்கள். ரெடிமிக்ஸ் லாரி என்றால், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் நேரத்தைக் கணக்கில் சொல்லித்தான் கலவையை வாங்க வேண்டும். லாரி வந்து நின்ற பிறகு, கலவை இறுகிவிட்டது என்று டிரம்மில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தால், அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஈர்க்குச்சி அளவுகளையும் சாக்பீஸ் வட்டப் படங்களையும் அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.